கழற்றக் கூடாத செல்ஃப் மோட்டார்

'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் வண்டி உறும வேண்டும். எங்கள் வண்டி ஒரு 'டக்' சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஹாரனை அமுக்கினால் தெருக்கோடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடுகிறது. வைப்பர் ஆடுகிறது. எல்லாம் இருக்கிறது, கிளம்புவது மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் மறுபடி திருப்பினார். டக். மறுபடியும் டக். அதற்கடுத்த தடவை, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிட்டது. "பாத்தியா" என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே என் மகள் ஒன்பதாம் மாத வயிற்றோடு படுத்திருக்கிறாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கென்றே வாங்கி நிறுத்திய வண்டி இது. இது டக் டக் என்று கடிகார வேலை பார்த்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த வண்டியின் கதையைச் சொல்ல முடியாது. மகளுக்கு இது இரண்டாவது. முதல் பிரசவத்துக்கும் வழக்கப்படி எங்கள் வீட்டுக்குத்தான் அழைத்து வந்திருந்தோம். நாள் நெருங்கியிருந்த ஒரு காலையில், பிள்ளை அசையவே மாட்டேன் என்கிறது என்று வந்து நின்றாள். வண்டிக்கு அலைந்தோம். வருகிறேன் என்றிருந்த வண்டிக்காரர் கல்யாணச் சவாரியாகக் கும்பகோணம் போயிருந்தார். அவர் வரும்வரை வாசலில் நின்றோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, கொடி சுற்றியிருக்கிறது, நேற்றே துடிப்பு நின்றுவிட்டது, நீங்கள் பறந்து வந்திருந்தாலும் பயனில்லை என்றார். பெண் குழந்தை. அழாமல் பிறந்து அழாமல் போய்விட்டது. டாக்டரம்மா சொன்னது என் காதில் ஏறியது, மகள் காதிலும் ஏறியது. இவர் காதில் மட்டும் ஏறவில்லை. வாசலில் நின்ற அந்த நேரம்தான் பிள்ளையைக் கொன்றது என்றே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

சில மாதம் கழித்து மன்னார்குடிப் பக்கம் யாரிடமோ இருந்த ஒரு பழைய டீசல் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய வண்டி, அப்போதே மோர் நிறத்துக்கு வந்திருந்தது. இந்த ஓட்டை எதற்கு என்று கேட்டேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே எம் பொண்ணு வண்டிக்குக் காத்துக்கிட்டு வாசல்ல நிக்கக் கூடாது."

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் குடவாசல்வரை ஓட்டிப்போய்த் திரும்புவார். அதுவும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மகள் மறுபடி உண்டாகி, வளைகாப்பு போட்டு, நாங்கள் அழைத்து வந்து வீட்டில் விட்ட பிறகுதான் அதற்கு இந்தச் சீக்கு வந்தது.

எங்கள் பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று யாரும் சொல்வதில்லை. செல்ஃப் என்பார்கள். 'செல்ஃப் எடுக்கலை' என்றால் எல்லோருக்கும் புரியும். எனக்குத்தான் அது என்னவென்று தெரியாது. வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவளுக்குச் செல்ஃப் எதற்கு? ஆனால் அந்த மாதம் கற்றுக்கொண்டேன். இன்ஜினுக்குப் பக்கத்தில், கீழே, தண்ணீர்ச் செம்பு அளவுக்கு ஒரு மோட்டார் இருக்கிறது. பேட்டரியிலிருந்து கரண்டை வாங்கி, இன்ஜின் தானாக ஓடத் தொடங்கும்வரை அதைச் சுற்றிவிடுவது அதன் வேலை. அதன் முதுகில் இன்னொரு சின்ன டப்பா. டக் சொல்வது அந்த டப்பா. டப்பா டக் சொன்னதும் மோட்டார் சுற்ற வேண்டும். டப்பா தன் வேலையைச் செய்கிறது, மோட்டார் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதற்குத்தான் ஊரில் ஆளுக்கொரு பதில் இருந்தது.

முதலில் பேட்டரி என்றார்கள். குடவாசலில் பேட்டரிக் கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இதைக் குறை சொன்னால் பாவம் பிடிக்கும் என்று அனுப்பிவிட்டார். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்து வீட்டு டிராக்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுப் பார்த்தார். டக். அப்புறம் பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததைப் பார்த்தார். வெந்நீர் கேட்டார், நானும் சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து கொடுத்தேன். ஊற்றிக் கழுவி வேஸ்லின் தடவினார். மறுநாள் சாவியைத் தொட்டதும் கிளம்பியது. அதற்கு மறுநாளும் கிளம்பியது. ஒரு வெந்நீர் வைத்தியத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அவர் தெருவெல்லாம் சொல்லி முடித்த அன்று சாயங்காலம், டக்.

பிறகு நானே கவனிக்கத் தொடங்கினேன். காலையில் குளிர்ந்திருக்கும்போது கிளம்புகிறது, ஓடிச் சூடாகி நிறுத்தினால் மறுபடி எடுக்கவில்லை. சரி, சூடுதான் காரணம் என்று பெரிய கண்டுபிடிப்புபோல அவரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலையில் எடுக்கவில்லை, மதியம் ஓடிச் சூடான பிறகு ஒரே திருப்பில் எடுத்தது. என் கண்டுபிடிப்பு மழையோடு போனது. நான் பக்கத்தில் நின்றால் எடுக்கிறது, உள்ளே போனால் எடுக்கவில்லை என்று மகள் கேலி செய்தாள். கேலிதான், ஆனாலும் அதற்கப்புறம் அவர் சாவி போடும்போதெல்லாம் நான் போய்ப் பக்கத்தில் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, வேறென்ன செய்வது?

எதிர்வீட்டு அக்கா, கண்ணு பட்டிருக்கு என்றாள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டியின் முன்னால் கட்டினேன். இவர் பார்த்துவிட்டு, தொங்கட்டும், தொங்கட்டும், வாடினதும் எடுத்து ஊறுகாய் போட்டுவிடு என்று விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மனிதரின் ஜாதகம் அப்படி. ஜாதகம் என்று நான் சொல்கிறேன், அவர் அப்படி ஒன்றை எழுதவே விடவில்லை. எங்கள் கல்யாணம் ஐயர் இல்லாமல், ஒரு மேடையில், மைக் வைத்து நடந்தது. கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார், குத்தகை நெல்லைச் சரியாக அளந்துவிடுகிறார், கோயிலுக்குள் காலை வைத்தது கிடையாது. முக்கியமான காரியத்துக்குப் புறப்படுவதென்றால் வேண்டுமென்றே ராகு காலம் பார்த்துப் புறப்படுவார். வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்வந்து விபூதி நீட்டினால், பல்லு விளக்கியாச்சு என்பார். இத்தனை வருஷம் அவரோடு வாழ்ந்து, சாமி பக்தி எனக்கு, நாக்கு அவருக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டு விட்டோம்.

நன்னிலம் போகும் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் பைக்கில் வந்தார். எங்கள் பக்கத்துப் பழைய வண்டிகள் எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். பானெட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரை அந்தச் சின்ன டப்பாவின் இரண்டு போல்ட்டுகளுக்கும் குறுக்கே வைத்தார். படீரென்று ஒரு நெருப்புப் பொறி. நான் ரெண்டடி பின்னால் போய்விட்டேன். ஆனால் மோட்டார் சுற்றியது, வண்டியும் கிளம்பியது. மோட்டாரில் ஒன்றுமில்லை, சாவி சுவிட்ச்தான் போய்விட்டது என்றார். பழைய சுவிட்சைத் தொடாமல் பக்கத்திலேயே புதிதாக ஒரு பட்டன் வைத்துத் தரும்படி இவர் கேட்டுக்கொண்டார். மெக்கானிக்கும் வைத்துக்கொடுத்தார். இரண்டு நாள் பட்டனை அமுக்கினால் வண்டி எடுத்தது. நான் குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த காசை அவிழ்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பட்டனும் டக் என்றது.

மெக்கானிக் மறுபடி வந்தார். தலையைச் சொறிந்தார். ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் இந்தத் தடவை பொறி மட்டும் வந்தது. ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டாரைத் தட்டிவிட்டு, பட்டனை அமுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லி, மறுபடி தட்டாமல் பார்த்தார். எடுக்கவில்லை. தட்டினார், எடுத்தது.

"தட்டுனா எடுக்குதுன்னா உள்ள கரண்டு குடுக்குற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்குண்ணே. இறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும். காலையில ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள மாட்டிரலாம்" என்றார்.

அப்பாடா, விடிந்தது என்று நினைத்தேன். இவர், "வேணாம்" என்றார்.

மெக்கானிக் காதில் விழவில்லையோ என்னவோ, பையிலிருந்து சாமானை எடுக்கப் போனார். இவர் கையைப் பிடித்து, கழற்ற வேண்டாம், கழற்றாமல் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள் என்றார். பிரஷ் இல்லையென்றால் மோட்டாரின் இரண்டு முனையிலும் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கலாம், அதற்கும் கழற்ற வேண்டும், எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம், அதற்கும் போல்ட்டை எடுக்க வேண்டும் என்று மெக்கானிக் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். எதுவும் வேண்டாம் என்பதுதான் பதில். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் பல்லைப் பிடுங்கச் சொல்வது மாதிரி இருக்கிறது அக்கா என்று சிரித்துவிட்டுப் பைக்கை எடுத்தார். பிற்பாடு அந்த மோட்டாரைத் திறந்தபோது பிரஷ், புஷ், எர்த் ஒயர் மூன்றுமே கெட்டிருந்தன. மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டதால், ஒரு நாள் எடுத்து ஒரு நாள் எடுக்காமல் எங்களைப் பைத்தியமாக அடித்தது இவற்றில் எது என்பது மெக்கானிக்குக்கே இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மாதம் முழுக்க இத்தனை வைத்தியம் பார்த்தும், அந்த வண்டியில் ஒரே ஒரு திருகைக்கூட இவர் கழற்றவிடவில்லை. பேட்டரியை மாற்றவில்லை, ஒயர் போட்டார். முனைகளைக் கழற்றித் துடைக்கவில்லை, வெந்நீர் ஊற்றினார். சுவிட்சைக் கழற்றவில்லை, பக்கத்தில் பட்டன் வைத்தார். மனிதருக்கு என்ன ஆகிவிட்டது? மெக்கானிக் மேல் நம்பிக்கை இல்லையா? தொழில் தெரியாதவன் என்று நினைத்தால் ஏன் இரண்டு தடவை கூப்பிட வேண்டும்? கேட்டால், நடவு முடிந்து வயலில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்றார். வண்டியைக் கழற்றப்போவது மெக்கானிக், இவருக்கு என்ன வேலை? இன்னொரு நாள் கேட்டால், சாமான் கிடைக்காது என்றார். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும். அந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுக்களைச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மகள் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். வயசாகிப் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட ஒரு நிமிஷம் பயந்தேன்.

ஒருநாள் காலையில் சோற்றுத் தூக்கோடு வயலுக்கே போய்விட்டேன். முந்தின நாள் பெய்த மழையில் சம்பா நடவு மூழ்கிக் கிடந்தது. வடிகாலில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சொல்லாமல் சாப்பாடு கிடையாது என்றேன். இவ்வளவு அடம் பிடிக்கிறீர்களே, வலி வந்த அன்றைக்கு வண்டி எடுக்கவில்லையென்றால் என் பெண்ணை நீங்கள் முதுகிலா சுமந்துபோவீர்கள் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். பக்கத்து வயலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சேற்றுக் கையோடு வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். முதல் தடவை மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, கொல்லையில் எங்கள் பழைய ஆயில் இன்ஜினைப் பிரித்துச் சாக்கு விரித்துப் பரப்பி வைத்திருந்தார். அது எனக்கும் நினைவிருந்தது, சாக்கு என்னுடையது. அந்தச் சமயத்தில்தான் பிள்ளை போனது. துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, கொல்லைப் பக்கம் முகம் கழுவ வந்தவள், இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்: வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் எதையும் பிரிக்கக் கூடாது, இன்ஜினையே பிரித்துப் போட்டிருக்கிறான், பின்னே எப்படித் தங்கும் என்று. இவர் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அவர்களுக்குத் தெரியாது. இத்தனை நாள் எனக்கும் தெரியாது.

"அது பொய்யின்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? கை வரலியே" என்றார்.

அந்தப் பொம்பளை யாரென்று சொல்லுங்கள், இப்போதே போய் நாக்கை அறுத்துவிட்டு வருகிறேன் என்றேன். சொல்லவில்லை. அவள் மேல் வந்த கோபம் இவர் மேல் திரும்பியது. ஊரில் யார் வாயைத் திறந்தாலும் எதிர்க் கேள்வி கேட்டே வாழ்ந்தவர், இதை ஏன் இத்தனை நாள் நெஞ்சில் போட்டுக்கொண்டு மென்றார்? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லக் கூடாதா? அப்புறம் அந்தக் கோபமும் இறங்கிவிட்டது. பாவமாக இருந்தது. டாக்டரம்மா கொடி சுற்றியது என்று சொன்னாரே, இன்ஜினுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம், இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே, இப்போதே மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஆனால் நான் சொல்லி, மோட்டாரைக் கழற்றி, அப்புறம் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? சாமி கும்பிடுகிறவள் நான், இந்த மாதிரிப் பேச்செல்லாம் நம்புகிறவள் நான் என்று பார்த்தால் அதுவும் இல்லை. இன்ஜினைப் பிரித்தபோது எனக்கு இது தோன்றவேயில்லை, சாக்கு அழுக்காகிறதே என்றுதான் சத்தம் போட்டேன். நம்பாதவர் நம்புகிறார், நம்ப வேண்டியவள் நம்பவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நம்பிக்கை என்பதே அன்றைக்குக் குழம்பிப்போனது.

தூக்கைத் திறந்து சோற்றைக் கொடுத்தேன். "வேணாங்க. கழட்ட வேணாம்" என்றேன்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் கூட்டாகப் பைத்தியமானோம். கழற்றாமல் வண்டி எடுக்க வேண்டும், அதற்கு ஒரே வழி தட்டுவது. இரும்பால் தட்டினால் மோட்டார் உடைந்துவிடும், கட்டையால் தட்டுங்கள் என்று மெக்கானிக் போனில் சொன்னார். சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் ஒத்திகை. பானெட்டைத் தூக்கி வைத்து, சேலையைச் செருகிக்கொண்டு, நான் உள்ளே குனிந்து நிற்பேன். அவர் வண்டிக்குள்ளிருந்து "தட்டு" என்பார், தட்டுவேன், பட்டனை அமுக்குவார். சில நாள் ஒரு தட்டில் எடுக்கும். சில நாள் தட்டித் தட்டிக் கை மரத்துப்போகும். சில நாள் நான் கட்டையை ஓங்கும் முன்பே கிளம்பி, என்னைத் தூக்கிவாரிப் போடும். இடது பக்கம் நின்று தட்டினால் எடுக்கிறது என்று கொஞ்ச நாள் நினைத்தேன், அதுவும் பொய்த்தது. மகள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இதைக் கழற்றி ரிப்பேர் பார்க்க வேண்டியதுதானே என்று ஒருநாள் கேட்டாள். அவர் சாமான் வரவில்லை என்றார். அதே நேரத்தில் நான், மெக்கானிக் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேட்டில் நிறுத்தினால் உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. மேட்டுக்கு எங்கே போவது? தண்ணீர் ஓடுவதற்கே சரிவு போதாத ஊர் எங்களுடையது. சுற்றுவட்டாரத்தில் மேடு என்றால் ஆற்றுப் பாலத்தின் ஏற்றம் ஒன்றுதான். ஒரு வாரம் வண்டியைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பிரசவ வலியோடு அவள் பாலம்வரை நடக்க வேண்டுமா என்று நான் கத்திய பிறகு வாசலுக்குக் கொண்டுவந்தார்.

வலி வந்தது ஒரு முற்பகலில். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தேன். "அம்மா, வந்துருச்சு போல" என்று சாதாரணமாகச் சொன்னாள். கீரை எங்கே போனது, முறம் எங்கே போனது என்று தெரியாது. பையை எடுத்தேன், கட்டையை எடுத்தேன். அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்தோம். அவர் பட்டனை அமுக்கினார். டக். குனிந்து தட்டினேன். டக். இன்னும் ஓங்கித் தட்டினேன். டக். கட்டையின் ஒரு பக்கக் கைப்பிடி உடைந்து வாய்க்காலில் விழுந்தது. மிச்சக் கட்டையால் தட்டினேன். அதற்கப்புறம் அந்த டக்கும் வரவில்லை. அத்தனை நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எரிந்தது, அது நின்றதும், இன்னொரு தடவை சொல்லாதா என்று மோட்டார் பக்கம் காதை நீட்டினேன். தெரு ஆட்கள் ஓடிவந்து தள்ளினார்கள். முன்சக்கரம் களிமண்ணில் இறங்கிக்கொண்டது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் உயிரே இல்லை. வாசலில் நின்ற அந்தப் பழைய காலை எனக்குமே திரும்ப வந்துவிட்டது. நடுத்தெருவில் ஓவென்று அழுதேன்.

அப்போது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. யார் கூப்பிட்டது என்று எல்லோரும் முழித்தோம். பின் சீட்டிலிருந்து மகள் கதவைத் திறந்துகொண்டு மெதுவாக இறங்கினாள்.

"உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே வலி ஆரம்பிச்சிருச்சும்மா. அப்பவே நான் போன் பண்ணிட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் இந்த வண்டிய எடுத்துப் பாக்கலன்னா மனசு ஆறாதேன்னுதான் வந்து உக்காந்தேன்" என்றாள்.

அவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் கூடவே ஏறினேன். ஒரு ஆள்தான் ஏறலாம் என்றார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

வரவில்லை. பிரசவ வார்டுக்கு வெளியே என்னைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் ஆள் இருந்தது. போன் பண்ணினேன். வீட்டில்தான் இருக்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பண்ணினேன். வண்டிகிட்ட நிற்கிறேன் என்றார். பெண் உள்ளே கத்துகிறாள், உங்களுக்கு இப்போது வண்டி ஒரு கேடா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அப்புறம் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டாள். தெருவில் யாரோ மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். பிரசவ நேரத்தில் வண்டி நின்றுவிட்டதாமே என்று அவரும் பதறிக்கொண்டு ஸ்பேனரோடு வந்திருக்கிறார். ஆளாளுக்கு, கழற்றுங்கள், நாங்கள் பிடிக்கிறோம், குழந்தையைக் கூட்டிவரவாவது ஆகும் என்கிறார்களாம். என் வீட்டுக்காரர் பானெட்டை மூடி, அதில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு மழையில் நிற்கிறாராம். யாரையும் கிட்டே விடவில்லையாம். குடை கொடுத்தால் வாங்கவில்லையாம். என்ன ஆச்சு உன் வீட்டுக்காரருக்கு, போனில் உன்னிடம் பேசச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

பிள்ளை பிறக்கிறவரைக்கும் அந்த வண்டியில் ஒரு போல்ட் அசையக் கூடாது. அதற்குத்தான் அவர் காவல் நிற்கிறார். இங்கே வந்துவிட்டால் அங்கே யாராவது கழற்றிவிடுவார்கள். இது எனக்குச் சட்டென்று புரிந்தது. இப்படியும் ஒரு கிறுக்கு உண்டா என்று இருந்தது. நகர்ந்துவிடாதீர்கள் என்றும் இருந்தது. அவரை விட்டுவிடுங்கள் அக்கா, யாரும் கிட்டே போக வேண்டாம் என்றேன்.

மத்தியானம் தாண்டிக் கதவு திறந்தது. நர்சம்மா துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் கத்தல் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஒற்றைக் கையால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் போனைப் போட்டேன். மணி ஒரு தடவை முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை.

"அழுதுச்சா?" என்றார்.

போனைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனேன். அது நிறுத்தாமல் அழுதது. நான் போனை எடுக்கவேயில்லை. எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தேனோ தெரியாது. திரும்ப என் காதில் வைத்தபோது மறுபக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவர் குரல் கேட்டது, என்னிடம் இல்லை, பக்கத்தில் யாரிடமோ.

"இப்பக் கழட்டுங்க தம்பி."